சிவமலருக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த வேலை

1. இரண்டு நிரல்கள்

வேலைவாய்ப்புப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள் எனக்கு இருக்கக் கதிரை இல்லை. எனக்கு முன் இருந்தவர் மாற்றலாகிப் போகும்போது கதிரையையும் கொண்டுபோய்விட்டார் என்றார்கள். ஆகவே வேலை தேடி வருகிறவர்களுக்குப் போட்டிருந்த வாங்கில் நானும் போய் இருந்தேன். பக்கத்தில் இருந்த பட்டதாரிப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, இந்த வயசிலயும் தேடுறியளோ?"

"இல்லைப் பிள்ளை. நான்தான் உங்களுக்கு வேலை எடுத்துத் தரப்போறன்" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டார்.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரச அலுவலகம் அது. பெயர் வேண்டாம். ஓய்வூதியத்தில் இருக்கிறவன் பெயர்களோடு கவனமாக இருக்க வேண்டும். அதற்கு முன் இருபது வருடம் கமநலப் பக்கம் உர மானியப் படிவங்களோடு காலந்தள்ளியவன் நான். உரத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்கு எனக்கு உத்தியோகத்தைப் பற்றித் தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

பிரதம லிகிதர் ஒரு தடித்த பதிவேட்டை என்னிடம் தந்தார். அதில் இரண்டு நிரல்கள்தான் முக்கியம். ஒன்று, பதிந்தவர். மற்றது, வேலை பெற்றவர்.

"தவராசா, முதலாவது நிரல் தன்ரபாட்டில நிரம்பும். ரெண்டாவதை நீர்தான் நிரப்ப வேணும்" என்றார் அவர்.

"எப்பிடி நிரப்புறது?"

"பேனையாலதான்" என்றுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். நான் அதைப் பகிடி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் எனக்குத் தந்த ஒரே தொழில்முறைப் பயிற்சி அது என்று.

பதிய வருகிறவர்களிடம் "இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்பது வழக்கம். "சும்மாதான் இருக்கிறன் சேர்" என்பார்கள். மூன்று ஏக்கர் வயல் செய்கிறவர், உழவு மெசின் ஓட்டுகிறவர், முள்ளியவளையில் வீடுகட்டப் போய்க் கைவிரலில் சீமெந்து காயாமல் வந்து நிற்கிற மேசன், எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள். ஓய்வூதியம் இல்லாத வேலை எங்கள் ஊரில் வேலை இல்லை. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும் என்று அரசாங்க வேலையை நினைத்து எங்கள் சனம் சொல்லுவது அறியாமையால் அல்ல. யுத்தத்தில் கட்டிய வீட்டையும் கடையையும் தோட்டத்தையும் பலதடவை விட்டுவிட்டு ஓடிய சனம் அது. மாதம் முடிய வருகிற சம்பளத்துக்கு மட்டும் காலில்லை, அது ஓடாது என்று கண்டுகொண்டார்கள்.

2. கையளிப்புக் காலம்

வன்னியில் தொழிற்சந்தையின் போக்கு எப்படி மாறியது என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். நான் அதை ஆராயவில்லை. கையளித்த பொருளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மீள்குடியேறி வந்த புதிதில் கோழிக்குஞ்சு. பிறகு ஆடு. பிறகு தையல் மெசின். பிறகு காளான். காளான் வருடத்தில் வட்டக்கச்சியில் காளான் வாங்க ஆள் இல்லை, ஏனென்றால் எல்லோரும் வளர்த்தார்கள். அதன் பின் பொருள் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் தன்னம்பிக்கை கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு நாள் கருத்தரங்கு, நடுவில் மத்தியானச் சாப்பாடு, முடிவில் சான்றிதழ்.

கையளிப்புக்கு ஒரு முறை உண்டு. கொடுப்பவரும் வாங்குபவரும் பொருளை இரண்டு பக்கமும் பிடித்தபடி போட்டோக்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். போட்டோ எடுத்து முடியும்வரை பொருள் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு நீர்ப் பம்பியை ஏழு அதிகாரிகள் சேர்ந்து பிடித்த போட்டோ ஒன்று எங்கள் அலுவலகச் சுவரில் இருந்தது. வாங்கிய மனிசன் அதில் தெரியவில்லை. அவருடைய ஒரு கை மட்டும் தெரிந்தது.

சிவமலர் அந்தக் காலத்தில்தான் என்னிடம் வந்தார். வட்டக்கச்சியில் இருந்து சைக்கிளில் வந்து, ஒரு பொலித்தீன் பையை மேசையில் கவிழ்த்தார். பதினொரு சான்றிதழ்கள். காளான் வளர்ப்பு, சவர்க்காரம் செய்தல், பொதியிடல், தலைமைத்துவம், முரண்பாட்டு முகாமைத்துவம். முரண்பாட்டு முகாமைத்துவத்தை இரண்டு முறை படித்திருந்தார்.

"ரெண்டு தரம் ஏன் தங்கச்சி?"

"முதல் தரம் விளங்கேல்லை சேர். ரெண்டாந்தரம் சோத்தோட கோழி இறைச்சி."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் உயர்தரம் படிக்கிறாள். கணவர் இல்லை. இல்லை என்று நிரூபிக்கிற படிவங்களும் இன்னும் முடிந்தபாடில்லை. கச்சான் என்கிற நிலக்கடலை பிடுங்க, வெங்காயத்துக்குப் புல்லெடுக்க, உழுந்து பிடுங்க என்று அந்தந்தக் காலத்துக் கூலிக்குப் போவார். அருவி வெட்டு என்கிற நெல்லறுப்புக்கும் ஒருகாலம் போனவர். வெட்டு மெசின் வந்தபிறகு அந்த வேலை இல்லாமல் போயிற்று. அவருக்கு ஒரு திறமை இருந்தது. எந்தக் கமக்காரன் எந்த நாளில் எத்தனை ஆள் தேடுகிறான் என்று அவருக்குத் தெரியும். போனில் நாலு வார்த்தை கதைப்பார். விடிய பத்துப் பேர் வயலில் நிற்பார்கள். எங்கள் முழுப் பிரிவும் ஒரு வருடத்தில் செய்யாததை அந்த மனிசி ஒரு கிழமையில் செய்தார். அவரிடம் பதிவேடு இல்லாதபடியால் அது கணக்கில் வரவில்லை.

"சேர், அரசாங்கத்தில சின்னதா ஏதும் வந்தால் சொல்லுங்கோ. கூட்டித் துடைக்கிறதெண்டாலும் பரவாயில்லை. மகளுக்கு கம்பஸ் கிடைச்சால் நான் கச்சானை நம்பி அனுப்பேலாது" என்றார். முதல் நிரலில் அவர் பெயரை எழுதினேன்.

3. சோற்றுப் பார்சல் பட்டியல்

அப்போது எங்களுக்கு ஒரு புதிய பணிப்பாளர் வந்தார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். கெட்ட மனிசன் இல்லை. படித்தவர், உற்சாகமானவர், மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையைத் தன் சொந்தப் பிள்ளையின் சாதகக் குறிப்பை எழுதுவதுபோல எழுதுவார். "மீட்சி" என்ற சொல்லை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். வேலைவாய்ப்பு மீட்சி. பிராந்திய மீட்சி. அந்தச் சொல் வந்த நாளிலிருந்து எங்கள் கோப்புகள் தடித்தன.

அவர் ஒரு தொழிற்சந்தை வைத்தார். ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பெருந்தொகையில் பெண்கள் தேவை. எங்களிடம் பதிந்தவர்கள் பெருந்தொகை. இரண்டையும் ஒரு மண்டபத்தில் விட்டால் போதும் என்பது திட்டம். பொருந்தி வராதது நாள் ஒன்றுதான். கச்சான் பிடுங்கும் உச்சக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் சொன்னேன், இது சரிவராது என்று.

"அண்ணை, நிரந்தர வேலை குடுக்கிறம். கச்சானுக்கோ போவினம்?" என்று கேட்டார்.

கச்சானுக்குத்தான் போனார்கள். காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கதிரைகள் வரிசையாக இருந்தன. ஆட்கள் இல்லை. மேலிடத்து விருந்தாளிகள் பன்னிரண்டுக்கு வருவார்கள். பணிப்பாளரின் முகம் வெளிறிப் போயிற்று. நான் சிவமலருக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, ஒரு உதவி. கதிரையெல்லாம் வெறுமையா கிடக்கு. ஆரையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோ. சாப்பாடு இருக்கு."

"நான் கோயிலுக்கு வெளிக்கிட்டுட்டன் சேர்."

"கோயிலுக்குப் போற வழிதானே."

வழி இல்லை. எதிர்த் திசை. ஆனாலும் வந்தார். நல்ல மாம்பழ நிறச் சீலை, நெற்றியில் திருநீறு, பின்னால் எட்டுப் பத்துப் பெண்கள், ரோட்டில் அகப்பட்ட இரண்டு கிழவர்கள். எனக்கு உயிர் வந்தது.

வாசலில் சோற்றுப் பார்சல் கொடுப்பதற்கு ஒரு பட்டியல். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. எங்கள் நாட்டில் சும்மா கிடைக்கும் சோற்றுக்கும் அடையாள அட்டை வேண்டும். சோறு கொடுக்கிறார்கள் என்ற கதை பரவ, மத்தியானத்துக்குள் சந்தியில் நின்றவர்களும் வந்து சேர்ந்து, எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். வான் சாரதி வைத்தார், மண்டபக் காவல்காரர் வைத்தார், தொழிற்சாலையிலிருந்து வந்த முகாமையாளரும் பசியோடு வந்து வைத்தார்.

விருந்தாளிகள் வந்தார்கள். காட்சிக்கு வைத்த தையல் மெசினுக்கு முன்னால் ஓர் ஆளை இருத்திப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார் பணிப்பாளர். நல்ல சீலை கட்டியிருந்தவர் சிவமலர் ஒருவர்தான். இருத்தினார்கள்.

"சிரியுங்கோ அக்கா" என்றான் போட்டோக்காரன்.

"என்னத்துக்கு?"

"வேலை கிடைச்சதுக்கு."

அதைக் கேட்டுத்தான் அவர் சிரித்தார். அடக்க மாட்டாத உண்மையான சிரிப்பு. அப்படி ஒரு நல்ல போட்டோ எங்கள் பிரிவு அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பின்னேரம் பணிப்பாளர் கேட்டார், "பிளேஸ்மென்ட் எத்தினை அண்ணை?"

தொழிற்சாலை ஒன்பது பேரைத் தெரிவு செய்திருந்தது. சொன்னேன். அவர் தன் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேசையில் கிடந்த நீட்டுத் தாளைக் கண்டார்.

"இதில எத்தினை பேர்?"

"நூற்றிப் பதினாலு. ஆனா சேர், உது சோத்துப் பார்சல் லிஸ்ட்."

"சாப்பிட்டவை எல்லாரும் தொழிற்சந்தைக்கு வந்தவைதானே?"

"ஓம்."

"தொழிற்சந்தைக்கு வந்தவை எல்லாரும் வேலைக்கு வந்தவைதானே? தொழிற்சாலைக்கும் ஆள் வேணும். அப்ப இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குச் சேருவினம். போடுங்கோ அண்ணை, நாங்கள் நல்லதைத்தான் நினைக்கிறம்."

நான் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதுவிக்கவில்லை. நானே கணினியில் நூற்றிப் பதினாலு பெயரையும் அடித்தேன். பிரதம லிகிதர் சொன்ன பேனை இப்போது விசைப்பலகையாகியிருந்தது, அவ்வளவுதான். தொழிற்சாலை முகாமையாளர் தன் தொழிற்சாலையிலேயே தையல் உதவியாளராக வேலை பெற்றவர் ஆனார். எண்பது வயதைத் தொட்ட கிழவர் ஒருவரும் அதே நாளில் ஆடைத் தொழிலில் இணைந்தார்.

ஒரு மாதத்தில் பனர் வந்தது. பத்தடி நீளம். பிரதான வீதியைப் பார்த்தபடி எங்கள் மதிலில் கட்டினோம். தையல் மெசினுக்கு முன்னால் சிவமலர் சிரித்தபடி. கீழே பெரிய எழுத்தில்: "நம்பிக்கை நூலில் கோர்த்த புதுவாழ்வு! வேலைவாய்ப்பு மீட்சியில் நாம்." அதைக் கட்டும்போது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவனும் நான்தான்.

4. வேலை இருக்கிறவருக்கு வேலை இல்லை

பனர் வந்து எட்டு மாதம் கழித்து, உழுந்து பிடுங்கும் காலத்தில் ஒரு திங்கட்கிழமை, சிவமலர் என் மேசைக்கு வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"சேர், உங்கட பனரால எனக்கு ஊரில மரியாதை கூடிப்போச்சு. கோயில் சபையார் என்ர பேரில ஒரு திருவிழா உபயச் செலவு எழுதிப்போட்டினம். சம்பளக்காரி எண்டு."

நானும் சிரித்தேன். அவர் கையில் இருந்த தாளை நீட்டினார். ஒரு வைத்தியசாலையில் சிற்றூழியர் வெற்றிடம். நிரந்தரம். ஓய்வூதியம் உண்டு. நேர்முகத் தேர்வு அன்றிலிருந்து பத்தாம் நாள். வயது எல்லை நாற்பத்தைந்து. அவருக்கு நாற்பத்தைந்து பிறக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. இதை விட்டால் வாழ்நாளில் அடுத்தது கிடையாது. வேலையற்றவர் என்று எங்கள் பிரிவு உறுதிப்படுத்திய கடிதம் ஒன்று கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

"உதென்ன பெரிய விசயமே, இப்ப தாறன்" என்று கணினியில் அவர் பெயரை அடித்தேன்.

"நிலை: வேலை பெற்றவர். துறை: ஆடை உற்பத்தி."

சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவமலர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் எப்ப சேர் கார்மென்டுக்குப் போனனான்?"

"போகேல்லை."

"அப்ப ஏன் கிடக்கு?"

"சாப்பிட்டனீங்கள்தானே" என்றேன். என் வாயிலிருந்து அதைவிட வெட்கம் கெட்ட பதில் ஒன்று அதுவரை வந்ததில்லை.

பணிப்பாளரிடம் போனேன். அவர் பதறிப்போனார், ஆனால் சிவமலருக்காக அல்ல. "ஐயோ அண்ணை, ரிப்போட் மேலிடத்துக்குப் போட்டுது. அவாவின்ர படந்தான் அட்டையில. அவாவே வேலையில்லாதவா எண்டு நாங்கள் கடிதம் குடுத்தால் எங்கட கதி என்ன?" கொஞ்சம் யோசித்துவிட்டு வழி கண்டுபிடித்தார். "தொழிற்சாலையில ஒரு விலகல் கடிதம் வாங்குங்கோ. வேலை செய்தா, விலகினா. ஆருக்கும் நட்டமில்லை."

தொழிற்சாலை முகாமையாளருக்குப் போன் எடுத்தேன். நாங்கள் வேலை எடுத்துக் கொடுத்த அதே முகாமையாளர்.

"சேராத ஆளுக்கு விலகல் கடிதம் எப்பிடித் தாறது? வேணுமெண்டால் நாளைக்கு வந்து சேரச் சொல்லுங்கோ. அடுத்த நாள் விலகட்டும். பஸ் விடிய அஞ்சு மணிக்கு."

சிவமலரிடம் சொன்னேன். அவர் அதைக் கெட்ட யோசனை என்று உடனே தள்ளவில்லை. நின்று யோசித்தார். பிறகு கேட்டார், "சேர்ந்தால் ஈபீஎவ், அந்தச் சேமலாப நிதி நம்பர் விழுமோ?"

"விழும்."

"விழுந்தால் அது எந்தக் காலமும் கிடக்குமே. இப்ப உங்கட கொம்பியூட்டரில மட்டுந்தான் பொய் கிடக்கு. அதை மெய்யாக்கிப் போட்டு, பிறகு மெய்யை இல்லாமல் பண்ணச் சொல்லுறியள். வேண்டாம் சேர்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் சுரைக்காய் உதவாமல் இருந்ததோடு நிற்கவில்லை, அவர் பந்தலில் காய்க்க இருந்ததையும் காயவைத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மை. கடிதத்தில் கையெழுத்து வைக்கிற அதிகாரம் எனக்கே இருந்தது. பணிப்பாளரின் அனுமதி வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. நான் பயந்தேன். எனக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. ஒரு விசாரணை வந்தால் ஓய்வூதியக் கோப்பு எங்காவது ஓர் அலுமாரிக்குள் படுத்துவிடும். ஆகவே எங்கள் துறையின் மிகப் பழைய மந்திரத்தைச் சொன்னேன். "நாளைக்கு வாங்கோ."

நாளைக்கு வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். அலுவலகம் திறந்திருந்த ஒவ்வொரு நாளும் வட்டக்கச்சியிலிருந்து சைக்கிளில் வந்து அந்த வாங்கில் இருந்தார். மதிலில் அவருடைய பத்தடிச் சிரிப்பைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். ஒரு நாள் அவர் பனரின் கீழேயே சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். ரோட்டால் போன யாரோ பனரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. நான் "நாளைக்கு" என்று சொல்ல வாயெடுக்க முன்பே அவர் மறித்தார்.

"நாளைக்கு இண்டர்வியூ சேர். இனி நாளைக்கு இல்லை."

நான் பேனை மூடியைக் கழற்றித் திரும்பவும் பூட்டினேன்.

"நீங்கள் பயப்பிடுறது எனக்கு விளங்குது. நான் சத்தம் போட வரேல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். கடிதம் தந்தால், எனக்கு வேலை கிடைச்சால், உங்கட லிஸ்டில நான் மெய்யா இருப்பன். தராட்டிப் பொய்யா இருப்பன். உங்களுக்கு எது வேணும்?"

எத்தனையோ கருத்தரங்குகளில் புள்ளிவிபரம் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. வெட்கமாக இருந்தது. தாளை எடுத்தேன். அரைப் பக்கம். மேற்படி நபர் எந்த நிறுவனத்திலும் பணிபுரியவில்லை, எமது பதிவில் உள்ளது தவறு, அத்தவறு என்னுடையது. கீழே கையெழுத்து, பெயர், பதவி முத்திரை.

5. எதை நம்புவது

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் அந்த வைத்தியசாலைக்குப் போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை.

சிவமலர் உள்ளே போய்ச் சில நிமிடத்தில் கதவு திறந்தது. "இந்தக் கடிதம் தந்த உத்தியோகத்தர் வெளியில நிக்கிறாராம். ஆர் அது?" என்று கூப்பிட்டார்கள்.

மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் இருந்தவர் ஒரு மூத்த அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நான் ஒவ்வொரு நாளும் உங்கட மதிலைப் பாத்துக்கொண்டுதான் வாறனான். அதில இவா கார்மென்டில வேலை செய்யிறா. இதில இவாவுக்கு வேலை இல்லை. ரெண்டும் உங்கட கந்தோர். நான் எதை நம்புறது?"

"சின்னதை நம்புங்கோ அம்மா" என்றேன்.

"ஏன்?"

"கடிதத்தில என்ர கையெழுத்து இருக்கு. பனரில ஒருத்தற்ற கையெழுத்தும் இல்லை."

அவர் கடிதத்தைக் கிட்டப் பிடித்துக் கையெழுத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் சிவமலரிடம் கேட்டார், "உங்களுக்குத் தைக்கத் தெரியுமோ?"

"பொத்தான் கட்டுவன் சேர். அந்த மெசினில ஊசியே இல்லை. படத்தை வடிவாப் பாருங்கோ."

எட்டு மாதமாக அந்தப் பனரின் கீழால் போய் வந்த நான் அதைக் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது நின்று பார்த்தேன். உண்மைதான். நம்பிக்கை நூலைக் கோர்க்க ஊசி இருக்கவில்லை.

மூன்று கிழமையில் சிவமலருக்கு நியமனக் கடிதம் வந்தது. வயது எல்லைக்கு உள்ளே. அவர் கொண்டுவந்து காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கண்டும் காணாதவர் மாதிரி, "சேர், சாப்பாடு ஒண்டும் கொண்டரேல்லை. கொண்டந்தால் கையெழுத்து வாங்கிப் போடுவியள்" என்றார்.

6. கொஞ்சம் முந்திப் போட்டது

பணிப்பாளருக்கு விசயம் எட்டியதும் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நானும் எழுத்தில் கொடுத்தேன். இனி விசாரணைதான் என்று காத்திருந்தேன். இரண்டு நாளில் என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணை, அவாவுக்கு வேலை கிடைச்சிட்டுதாமே?"

"ஓம் சேர்."

"பாத்தியளே! அப்ப எங்கட ரிப்போட் பிழையில்லை. கொஞ்சம் முந்திப் போட்டுது, அவ்வளவுதான்."

விளக்கக் கடிதத்தை மடித்து லாச்சிக்குள் வைத்தார். என் ஓய்வூதியம் தப்பியது இப்படித்தான். என் நேர்மையால் அல்ல, அவருடைய எண்ணிக்கை குறையாததால். கையோடு புதிய பனர் ஒன்றுக்கும் யோசனை சொன்னார். வைத்தியசாலைச் சீருடையில் சிவமலர். போட்டோவுக்குக் கேட்டுவரும்படி என்னை அனுப்பினார்.

சிவமலர் அங்கே வாட்டு ஓரத்தில் நோயாளி ஒருவரைச் சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு வந்தார். நின்று கேட்டார். யோசிக்காமல் பதில் சொன்னார்.

"படம் வேண்டாம் சேர். உங்கட கந்தோர் எனக்குச் செய்த ஒரே உதவி, எனக்கு வேலை இல்லையெண்டு ஒரு கடிதம் எழுதினது. பனர் அடிக்கிறதெண்டால் அந்தக் கடிதத்தை அடியுங்கோ."

சக்கரக் கதிரை போய்விட்டது. நான் திரும்பி வந்து பணிப்பாளரிடம் ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். "கடிதத்தை அடிச்சால் எங்கட லோகோவை எங்க போடுறது?" என்று கேட்டார்.

ஓய்வுக்கு மிஞ்சியிருந்த ஆறு மாதத்தில் அந்தச் சோற்றுப் பார்சல் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பாதிப் பேரைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை. சிலர் வயலில், சிலர் வீட்டில், சில பெண்கள் உண்மையாகவே விடிய ஐந்து மணி பஸ்ஸில். வேறு சிலர் வவுனியாவில் பாஸ்போட் வரிசையில் நிற்கிறார்கள் என்றார்கள். அந்தக் கிழவர் செத்துப்போனார். பார்த்தவர்களின் பதிவைத் திருத்தினேன். பார்க்காதவர்கள் எங்கள் கணினியில் இன்றைக்கும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

இந்தப் பிரிவுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்து வைக்க மனம் வராத எதையும் மதிலில் கட்ட விடாதீர்கள். மீட்சி வருகிறதா என்று அறிய வேண்டுமானால் இரண்டாவது நிரலைப் பார்க்காமல் அதில் இருக்கிற ஆளின் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒருவருக்குப் பதிவேட்டில் வேலை கொடுக்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அதை அவரிடமிருந்து திரும்ப எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளும் சிவமலர் உழுந்து பிடுங்கப் போகவில்லை.